அறுபத்து மூன்று சென்டிமீட்டர்

மரியதாஸ் சார் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் பால் வைத்திருந்தேன். எங்கள் மண்டல உடற்கல்வி ஆசிரியர்கள் குழுவில் யாரோ அவருடைய பழைய படத்தைப் போட்டு, "அயோத்தியாப்பட்டணம் வீட்டில் இன்று விடியற்காலை மாரடைப்பு" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எல்லோரையும் போல ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்திருப்பேன். அரைமணி நேரம் கழித்து ஓர் ஆசிரியர், நல்ல மனிதர்தான், இப்படி எழுதினார்: "அருமையான கணித ஆசிரியர். அந்த ஒரு டிராக் தப்பைத் தவிர அவர் போட்ட கணக்கு எதுவும் தப்பியதில்லை." அதற்குப் பதினொரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம், போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. அந்தத் தப்பு யாருடையது என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர் என்று அப்போது நினைத்திருந்தேன். ஒருவர் விடியற்காலையில் போய்விட்டார். மிச்சம் இருப்பது நான்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் பரமேஸ்வரி. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக பி.டி. டீச்சர். வாய் கொஞ்சம் பெரிது. விசில் ஊத வேண்டியதில்லை, அந்தம்மா பேசினாலே அடுத்த ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள் என்று சொல்வார்கள். அந்த வாய் ஒரே ஒரு நாள், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. அந்த நாளைத்தான் எழுதப்போகிறேன்.

மரியதாஸ் சார் சேலம் டவுன்காரர். மாற்றலாகி எங்கள் பள்ளிக்கு வந்த முதல் வருடம், நான் மைதானத்தில் இருநூறு மீட்டர் டிராக் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் கடப்பாரையை அடித்து, அதில் நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வளைவைச் சுண்ணாம்பில் வரைவது என் வழக்கம். என் மாமனார் வீட்டு மாட்டுக் கயிறு அது. ஒன்பதாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர், மணி அடித்ததும் சாக்பீஸ் கையோடு இறங்கி வந்தார்.

"டீச்சர், இந்தக் கயிறு இழுத்தா எவ்வளவு நீளுது?"

"அரைச் சாண் நீளும். அதுக்கென்னங்க இப்ப?"

"அரைச் சாண்னா பத்து சென்டிமீட்டர். சுத்தி வந்தா அறுபத்து மூணு."

"ஏனுங்க, கணக்கு வாத்தியாருக்குக் கிரவுண்டுல என்ன வேலை?"

"வட்டம் இருக்கற இடத்துல எல்லாம் எனக்கு வேலை இருக்குங்க டீச்சர்" என்றார். சிரிக்காமல் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதினார். இரண்டு, மூன்று புள்ளி ஒன்று நான்கு, பத்து. பெருக்கினால் அறுபத்து இரண்டு புள்ளி எட்டு. டிராக்கின் இரண்டு வளைவுகளையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம். அந்த வட்டத்தின் ஆரம் பத்து சென்டிமீட்டர் கூடினால், சுற்றளவு ஏறக்குறைய அறுபத்து மூன்று சென்டிமீட்டர் கூடிவிடும். வட்டம் பெரிதா சிறிதா என்பதே பேச்சில்லை என்றார். "அண்டா மூடியா இருந்தாலும் அறுபத்து மூணு, குளமா இருந்தாலும் அறுபத்து மூணு."

நான் நம்பவில்லை. நம்பாதது மட்டுமல்ல, பிள்ளைகள் முன்னாலேயே "அளந்து காட்டுங்க பாக்கலாம்" என்றும் சொல்லிவிட்டேன். மனிதர் அதற்காகவே காத்திருந்தவர் போல சத்துணவுக் கூடத்துக்குப் போய் அண்டா மூடியைத் தூக்கிவந்து மண்ணில் வைத்தார். அதைச் சுற்றி ஒரு கோடு, அரைச் சாண் தள்ளி இன்னொரு கோடு. டேப்பைச் சுற்றி அளந்தால் வித்தியாசம் அறுபத்து மூன்று. அடுத்து எங்கள் பள்ளியின் வட்டத் தண்ணீர்த் தொட்டி, அது பத்துப் பேர் கைகோத்தாலும் எட்டாது. அதைச் சுற்றியும் அரைச் சாண் தள்ளிக் கோடு போட்டு அளந்தார். அதே அறுபத்து மூன்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் மாட்டுக் கயிற்றைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

மறுநாள் ஹார்டுவேர் கடையிலிருந்து நீளாத இரும்புக் கம்பி ஒன்று வாங்கி வந்தார். அன்று முதல் எங்கள் பள்ளி டிராக்கை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போட்டோம். சண்டை போட்டுக்கொண்டேதான் போட்டோம். 'பை' மதிப்புக்கு இருபத்திரண்டு பை ஏழு என்று நான் சொன்னால் போதும், முகம் சுளித்துவிடுவார். "அது பரீட்சை பேப்பருக்கு டீச்சர். நம்ம டிராக்குல அது நாலு சென்டிமீட்டர் கூடக் காட்டும். நாலு சென்டிமீட்டருங்கறது ஒரு மூக்கு. மூக்கால ஜெயிக்கிற புள்ளைங்க இருக்காங்க." அவர் அடிக்கடி சொன்ன இன்னொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. "நேர்கோட்டுல எல்லாரும் யோக்கியந்தான். வளையற இடத்துலதான் பாக்கணும்."

அதற்குப் பிறகு செங்கல் வந்தது. சூளை வைத்திருக்கும் ஒரு பெற்றோர் ஒரு டிராக்டர் செங்கல் கொடுத்தார். அதை ஒன்றாவது லேனின் உள்பக்கம், இரண்டு வளைவுகளிலும், பாதி புதைத்து ஓரக்கல்லாக நட்டோம். இதில் ஒரு விதி இருக்கிறது, விளையாட்டு தெரியாதவர்களும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஓரத்தில் கல் இருந்தால், கால் இடறும் என்ற பயத்தில் ஓடுகிறவர் கொஞ்சம் தள்ளியே ஓடுவார். அதனால் கல்லிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். வெறும் சுண்ணாம்புக் கோடு என்றால் பயமில்லை, ஒட்டி ஓடுவார். அப்போது இருபது சென்டிமீட்டர் தள்ளி அளந்தால் போதும். சார் எங்கள் டிராக்கை முப்பது வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார். ஏனென்றால் கல் இருந்தது.

அந்த வருடம் மண்டல விளையாட்டுப் போட்டி எங்கள் மைதானத்தில் நடந்தது. எங்கள் பள்ளியின் நம்பிக்கை கலைமணி. பத்தாம் வகுப்பு. அப்பா லாரி டிரைவர், அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். செருப்பில்லாமல் ஓடுவாள், ஷூ வாங்கிக் கொடுத்தால் கால் சுடுகிறது என்று கழற்றி எறிந்துவிடுவாள். விளையாட்டு விடுதியில் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவளுக்கு ஒரே பிடிவாதம். அதற்கு மாவட்டப் போட்டியில் ஓடிய சான்றிதழ் வேண்டும். மாவட்டத்துக்குப் போக எங்கள் மண்டலத்தில் இருநூறு மீட்டரில் முதலாவதாக வர வேண்டும். அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம். டிராக் போட்டு முடித்துவிட்டு சார் ஒரு பயிற்சிக்காக நாமக்கல் போயிருந்தார். அணிவகுப்பு ஒத்திகையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓரக்கல்லில் இடறி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான். ஹெச்.எம். ஓடிவந்து, நாளைக்கு விருந்தினர் முன்னால் இப்படி ஆனால் என்ன செய்வது என்று கத்தினார். எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "அத்தனையும் பிடுங்கிப் போடுங்கடா" என்றேன். நாற்பது பிள்ளைகள் அரைமணி நேரத்தில் பிடுங்கி, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் அடுக்கிவிட்டார்கள். குழிகளை மண் போட்டு மிதித்து, கல்லின் விளிம்பு இருந்த இடத்தில் அழகாகச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். நான்தான் போட்டேன்.

சாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போன் கையில்தான் இருந்தது. சொன்னால் மனிதர் மறுபடியும் கம்பியை எடுத்துக்கொண்டு வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார், நாளைக் காலைக்குள் முடியாது என்ற அலுப்பு. பத்து சென்டிமீட்டர்தானே என்று நினைத்தேன். அண்டா மூடியை என் கண்ணாலேயே பார்த்தவள் நான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னாலும் முழு உண்மை இல்லை. சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் காலை பந்தலில் உட்கார்ந்து, டிராக் அளவு சரி என்ற படிவத்தில் சார் கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தேன். பந்தல் நேர்ப்பாதை ஓரம், அங்கிருந்து வளைவு தெரியாது, கொடியும் கூட்டமுமாக இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். விருந்தினர் கார் உள்ளே வந்தது, நான் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவிட்டேன்.

வளைவில் நடந்த முதல் போட்டியே பெண்கள் இருநூறு மீட்டர்தான். டிராக்கை ஒரு முழுச் சுற்று. குலுக்கலில் கலைமணிக்கு ஒன்றாவது லேன் விழுந்தது. நான்காவது லேனில் சேந்தமங்கலம் பக்கத்துப் பள்ளியின் பவித்ரா, ஒல்லியான, யாரோடும் பேசாத பெண். துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவில் கலைமணி கோட்டை ஒட்டிப் பறந்தாள். இரண்டாவது வளைவு முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேரும் சமம். கடைசி இருபது மீட்டரில் நான் மூச்சே விடவில்லை. கலைமணி நெஞ்சைத் தூக்கி முடிவுக் கயிற்றில் போட்டாள். அரை அடி கூட இல்லை வித்தியாசம். முதலிடம் கலைமணி என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் எங்கள் ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அவள் அப்பா லோடு லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மகளைத் தோளில் தூக்கினார்.

நான் சாரைத் தேடினேன். அவர் இரண்டாவது வளைவில் தனியாகக் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்மண்ணில் கலைமணியின் வெறுங்கால் தடங்கள் வரிசையாக இருந்தன. சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில், வளைவு நெடுக. சார் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"டீச்சர், கல்லு எங்க?"

"நேத்து எடுத்தாச்சுங்க. ஒரு பையன் உழுந்துட்டான்."

"சொல்லலையே."

சார் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தார். இரண்டு, மூன்று புள்ளி ஒன்று நான்கு, பத்து. அந்தக் கையை என்னிடம் காட்டினார். "நம்ம புள்ள இருநூறு ஓடலை. நூத்தித் தொண்ணூத்தொன்பது புள்ளி மூணு ஏழு. மத்த அஞ்சு பேரும் முழுசா ஓடியிருக்காங்க."

கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "யாருக்கும் தெரியாதுங்க சார். அந்தப் புள்ளைக்கு இதுதான் கடைசி வருசம். உங்க காலைக்கூடப் புடிக்கறேன். உட்டுருங்க."

"அந்தப் பக்கமும் ஒரு புள்ள இருக்குங்களே டீச்சர். அதுக்கும் இது கடைசி வருசமா இருந்தா?"

"நம்ம புள்ளைய நீங்க பாருங்க. அதை அவங்க பாத்துக்குவாங்க."

அவர் எழுந்து நின்று பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அவங்களுக்குத் தெரியாது. நமக்குத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பந்தலை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

பந்தலில் போட்டிக் குழு ஐந்து பேர், ஹெச்.எம்., விருந்தினர். சான்றிதழில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். சார் உள்ளே போய், வகுப்பில் பதில் தெரிந்த பையன் மாதிரி வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பேனா மை அழியாத கை. யாரும் கவனிக்கவில்லை. தூக்கியபடியே நின்றார். கடைசியில் ஹெச்.எம்.தான் "என்ன சார்?" என்றார்.

"டிராக் கணக்கு என்னுது. ஒண்ணாவது லேன் அறுபத்து மூணு சென்டிமீட்டர் குறைச்சல். தப்பா இருக்கற டிராக்குக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஓட்டம் மறுபடியும் நடக்கணும்."

செங்கல் என்ற சொல் அடுத்து வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நான் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன், ஹெச்.எம். சொல்லித்தான் எடுத்தேன் என்று. அந்தச் சொல் வரவேயில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. என் விசில் வாயில் இருந்தது. பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். விசயம் வெளியே போனதும் எங்கள் ஊர்க்காரர்கள் பந்தலைச் சூழ்ந்துகொண்டார்கள். கலைமணியின் அப்பா வந்து சாரின் சட்டையைப் பிடித்தார்.

"ஏய்யா, இது உம்ம பள்ளிக்கூடத்துப் புள்ளதான? சேலத்துல இருந்து வந்து எங்க புள்ள வாயில மண்ணப் போடறயே, நீ நல்லா இருப்பயா?"

"நம்ம புள்ளதாங்க. நல்லா ஓடற புள்ள. முழுசா ஓடி ஜெயிக்கட்டுங்க" என்றார் சார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் போயிருந்தன.

ஒன்றரை மணி நேரம் கழித்து மறு ஓட்டம் என்று முடிவாயிற்று. ஒன்றாவது லேனின் தொடக்கக் கோட்டை அறுபத்து மூன்று சென்டிமீட்டர் பின்னால் தள்ள வேண்டும். சார் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையைப் பிடித்துச் சுண்ணாம்பு போட்டேன். கோடு கோணலாக விழுந்தது. "அழிச்சுட்டுப் போடுங்க டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான் பேசினார். பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவே இரண்டு அடி மண். அந்த இரண்டு அடியைப் பார்த்தபடி கலைமணி நின்றாள். அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு சாரைப் பார்த்தாள், பிறகு யாரையும் பார்க்கவில்லை.

இரண்டாவது முறை துப்பாக்கி வெடித்தபோது மைதானத்தில் சத்தமே இல்லை. ஆறு பிள்ளைகளின் காலடி மட்டும் கேட்டது. முதல் வளைவில் கலைமணி முந்தி இருந்தாள். எதிர்ப் பக்க நேர்ப்பாதையில் இன்னும் முந்தினாள். ஜெயித்துவிடு சாமி, ஜெயித்துவிடு, என் பாவம் தொலையட்டும் என்று நான் உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வளைவில் பவித்ரா நெருங்கினாள். கடைசி நேர்ப்பாதையில் இரண்டு தலைகளும் ஒன்றாகத் தெரிந்தன. முடிவுக் கோட்டுக்குப் பத்துப் பதினைந்து அடி இருக்கும்போது பவித்ரா ஒரு தோள் முன்னால் வந்தாள், அப்படியே போய்விட்டாள். இந்த முறை யாரும் விவாதிக்க ஒன்றுமில்லை. கலைமணி கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடினாள், மதில் வரை ஓடி, மதிலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

சாருக்கு அதற்குப் பிறகு ஒரு பெயர் வந்தது. அறுபத்து மூன்று சார். பிள்ளைகள் சொன்னார்கள், பிறகு ஆசிரியர் அறையிலும் சொன்னார்கள். சார் கிறிஸ்தவர். "ஒரு வேதக்காரரை நாயன்மார் கணக்கில் சேர்த்துவிட்டீர்களே" என்று தமிழாசிரியர் கேலி செய்ய, சாரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். கலைமணி அவருடைய வகுப்பில் உட்கார்ந்து கணக்கெல்லாம் போட்டாள், ஆனால் அவரோடு பேசவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று புத்தகத்தைப் பார்ப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அப்படித்தான். அடுத்த வயதுப் பிரிவிலும் ஓடினாள், மாவட்டம் வரை போகவில்லை.

அவர் ஓய்வுபெற்ற நாளில், விழா முடிந்து மாலைகளை ஆட்டோவில் வைத்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னைக்கு ஏனுங்க சார் என் பேரைச் சொல்லலை? என்னைக் காப்பாத்தணும்னா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் கோபமாகத்தான் பார்த்தார். "உங்களக் காப்பாத்த நான் யாருங்க டீச்சர்? வளைவை நடந்து பாக்காம கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு, அதை நான் சொன்னேன். உங்க தப்பு உங்களுது. அதை நான் எடுத்துச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு ஆட்டோ ஏறிக்கொண்டு, "ஊட்டுக்கு ஒருநாள் வாங்க" என்றார், எங்கள் ஊர்ப் பேச்சு மாதிரியே பேசிக் காட்டி.

வாரேனுங்க என்றேன். போகவில்லை. போனால் அந்தப் பேச்சு வரும் என்ற பயம். எருமப்பட்டியிலிருந்து அயோத்தியாப்பட்டணம் இரண்டு பஸ். எத்தனையோ முறை நாமக்கல் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, துணி எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

அடக்கத்துக்குத்தான் போனேன். பங்குச் சாமியார் ஜெபம் முடித்து, எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் காக்கி உடுப்பில் ஒரு பெண் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கலைமணி. சேலத்தில் கான்ஸ்டபிளாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள். என் வாய் அப்போதுதான் திறந்தது.

"கலை, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஓரக்கல்ல எடுக்கச் சொன்னது நான். சாருக்குச் சொல்லாம உட்டுட்டேன். தப்பு அவருது இல்ல கண்ணு."

"தெரியுங்க டீச்சர்" என்றாள். "நானுந்தான அதுல கல்லு தூக்கினேன். அவரு அண்டா மூடி வெச்சு அளந்தப்பவும் நான் அங்கதான நின்னேன்."

"அப்புறம் ஏன் அவருகூட அத்தன வருசம் பேசாம இருந்தே? எங்கூடல்ல பேசாம இருந்திருக்கோணும்?"

அவள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்ககூட எப்படிங்க பேசாம இருக்க முடியும்? தெனமும் கிரவுண்டுக்கு வந்தாகணும்ல. நீங்க கோவிச்சுக்கிட்டா என்னை யாரு ஓட விடுவாங்க? அவருன்னா கோவிச்சுக்கலாம். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருல்ல." கல்லறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போன மாசமே வந்து பாக்கலாம்னு இருந்தேனுங்க. பந்தோபஸ்து போட்டுட்டாங்க."

இரண்டு பேரும் அந்த வாசலிலேயே அழுதோம். போகிற வருகிறவர்கள் அவருடைய மகளும் பேத்தியும் என்று நினைத்திருப்பார்கள்.

நண்பர்களே, அந்த நீளாத இரும்புக் கம்பி எங்கள் பள்ளி ஸ்டோர் ரூமில் இருக்கிறது. அது பள்ளிக்கூடத்துச் சொத்து, வருடா வருடம் டிராக் போட வேண்டும், அங்கேயே இருக்கட்டும். எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது, அன்று பந்தலில் ஒருவரும் கவனிக்காதபோதும் கீழே இறக்காமல் அவர் தூக்கி வைத்திருந்த அந்தக் கையை. பேனா மையோடு இருந்த கை. அதை இப்போது நான் தூக்குகிறேன், எத்தனையோ வருடம் தாமதமாக. குழுவில் கட்டைவிரல் காட்டிய பதினொரு பேரும் தயவுசெய்து அந்த விரலை இறக்குங்கள். கல்லை எடுக்கச் சொன்னது நான். சொல்லாமல் விட்டதும் நான். கல் இருந்தவரைக்கும் மரியதாஸ் சார் போட்ட கணக்கு சரி.